பெயின்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்: பழைய ஜீப் கேள்வி-பதில்

பழைய ஜீப் வாங்குவது, விற்பது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "போட்டோ அனுப்பியிருக்கிறேன், என்ன விலை போகும்?" போட்டோவை வைத்து விலை சொல்ல முடியாது. போட்டோவில் தெரிவது பெயின்ட், பம்பர், டயர் மேல் தடவிய கறுப்பு பாலிஷ். பழைய ஜீப்பின் விலை இருப்பது ஆர்.சி. புக்கிலும், பாடியும் எஞ்சினும் உட்காரும் இரும்புச் சட்டமான சேசிஸிலும். மற்ற எல்லாமே போல்ட் கழற்றி மாற்றக்கூடியவை. மாற்ற என்ன ஆகும் என்று விசாரித்தால் தெரிந்துவிடும். அதனால் போட்டோக்களை ஒதுக்கிவிட்டு, விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த மஹிந்திரா எம்.எம். 540 ஜீப், 1991 மாடல். 2.75 லட்சம் சொல்கிறார்கள். லேசாகப் புகை வருகிறது, மற்றபடி நன்றாக ஓடுகிறது. கொடுக்கலாமா? (போடியிலிருந்து ஒருவர்)

போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்கிய வண்டி என்றாலே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஐந்தாறு பேருக்கான வண்டியில் பதினைந்து பேர் போயிருப்பார்கள். கிலோமீட்டர் மீட்டர் என்ன காட்டினாலும் அந்தப் பாரம் சேசிஸில் எழுதியிருக்கும். கீழே படுத்து, ஸ்பிரிங் பட்டையைச் சேசிஸோடு பிடிக்கும் கொக்கிகளைச் சுற்றிப் பாருங்கள். ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தையும் பாருங்கள். ஜீப்பில் விரிசல் விழுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். மேலே வெல்டிங் வைத்து கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். வெல்டிங் இருந்தாலே வண்டி கெட்டது என்று இல்லை. ஆனால் அந்த இடத்தை மட்டும் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் பார்க்காமல் திரும்பி வாருங்கள். நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். இதில் இருப்பது பெஜோ வழி வந்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின். நாலு சிலிண்டர், 90 மி.மீ. போர், 2112 சி.சி. எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் போட்டுத்தான் எழுப்ப வேண்டும், அது குறையில்லை. கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் டீசல் பீய்ச்சும் நாசில், பம்ப் வேலை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். குபுகுபுவென்று காற்று அடித்தால் பேக் கம்ப்ரெஷன், அதாவது எஞ்சின் வேலை. அப்புறம் ஒரு இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். லிவர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால் கியர் பாக்ஸும் இறங்க வேண்டும்.

இனி கணக்கு. உங்கள் பக்கத்தில் இதே மாடல், கவலையில்லாமல் மலை ஏறுகிற வண்டி என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று விசாரியுங்கள். ஓனர் சொல்லும் விலை வேண்டாம், கடைசியில் கொடுத்த விலை. கணக்குக்காக அதை மூன்றரை லட்சம் என்று வைப்போம். எஞ்சின் வேலைக்கு 65 ஆயிரம், டயர் 28 ஆயிரம், தரைத் தகரமும் டிங்கரிங்கும் 25 ஆயிரம், முன் ஆக்ஸில் ஆயில் சீலும் ஸ்டியரிங் வேலையும் 12 ஆயிரம், ஆர்.சி. புதுப்பித்தலும் பசுமை வரியும் சேர்த்து 15 ஆயிரம் என்று உங்கள் மெக்கானிக் சொல்கிறார் என்றால் மொத்தம் 1.45 லட்சம். இதோடு ஐந்தில் ஒரு பங்கு, 30 ஆயிரம் போல, பிரித்த பிறகு தெரியவரும் சமாச்சாரங்களுக்கு. இந்தப் பங்கு இல்லாமல் நான் எந்தப் பழைய வண்டிக்கும் கணக்குப் போட்டதில்லை, ஒரு தடவைகூட அது மிச்சமானதும் இல்லை. மூன்றரையில் 1.75 போனால் நிற்பது 1.75 லட்சம். அவர் சொல்வது 2.75. இடையில் இருக்கும் ஒரு லட்சம் பெயின்ட்டுக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. மஞ்சள் போர்டா, வெள்ளை போர்டா என்று எழுதவில்லை. மஞ்சள் போர்டு வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றும் செலவும் அலைச்சலும் விற்பவர் தலையில் இருக்கட்டும். மாற்றிக் கொடுத்த பிறகு முழுப் பணம்.

ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கும் வசதி) வேலை செய்கிறதா என்று சேறு இல்லாத ஊரில் எப்படிப் பார்ப்பது? (சிவகாசி)

ஒரு ஜாக்கி போதும். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். எஞ்சின் ஆஃப். முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்குங்கள். முன் சக்கரங்களை ஆக்ஸிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால், இரண்டு பக்கமும் லாக் செய்யுங்கள். டூ வீலில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றும், முன் பக்க ஷாஃப்டும் கூடவே சுற்ற வேண்டும். இப்போது முதல் கியர் போட்டு, ஃபோர் வீல் லிவரையும் போட்டுவிட்டு மறுபடி சுற்றுங்கள். கொஞ்சம் ஆடிவிட்டு 'டொக்' என்று நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றினால் உள்ளே ஆக்ஸிலோ ஹப்போ போயிருக்கிறது, அல்லது லிவர் வெறும் அலங்காரம். அந்த 'டொக்' வருவதற்கு முன் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் பாருங்கள். அரைச் சுற்று ஆடினால், சக்கரத்துக்கு ஓட்டம் கொண்டுபோகும் கிரவுன், கிராஸ், ஸ்ப்ளைன் எல்லாம் தேய்ந்திருக்கிறது.

டீசல் மிச்சம் என்று முன் ஷாஃப்டையே கழற்றி வீட்டுப் பரணில் போட்டிருப்பவர்களும் உண்டு. குனிந்து பார்க்காமல் வாங்கியவர்களும் உண்டு.

தாத்தா வாங்கிய 1962 வில்லிஸ் பெட்ரோல் ஜீப், 18 வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. பழைய இரும்புக்காரர் 60 ஆயிரம் தருகிறேன் என்கிறார். உறவினர் ஒருவர் பல லட்சம் போகும் என்கிறார். எதை நம்புவது? (கூடலூர், நீலகிரி)

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். ஆனால் இரும்புக்காரர் ஏன் 60 ஆயிரம் சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஜீப்பின் எடை ஏறக்குறைய ஒரு டன். இரும்பு விலைக்கு எடுத்தால் அதில் பாதிதான் வரும். மீதி எதற்கு? என் அனுமானம், உங்கள் ஆர்.சி. புக்குக்கு. பழைய ஜீப்பின் புத்தகத்தையும் எண் குத்திய சேசிஸ் துண்டையும் வைத்துக்கொண்டு, பட்டறையில் அடித்த புது பாடியோடு இன்னொரு வண்டியை அதே பெயரில் உலவ விடுகிற ஒரு தொழில் நடக்கிறது. நாளைக்கு அந்த வண்டி எங்காவது மோதினால் போலீஸ் தேடி வரும் விலாசம் உங்கள் தாத்தாவுடையது. இரும்புக்குத்தான் போடுகிறீர்கள் என்றால், அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுத்து, பதிவை ரத்து செய்யுங்கள். ஆனால் போட வேண்டாம் என்பேன்.

பானெட் உயரமாக, கிரில்லுக்கு மேலே நெற்றி மாதிரி ஏறி நிற்கிறதா? அப்படியென்றால் அது சிஜே-3பி மாடல். வில்லிஸின் ஹரிகேன் எஞ்சினில், பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே போனதால் எஞ்சின் உயர்ந்தது. அந்த எஞ்சினுக்காக 1953-ல் பானெட்டையும் உயர்த்தினார்கள். அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோன அந்த முகத்தை மஹிந்திரா இங்கே பல பத்தாண்டுகள் விடாமல் செய்தது. அதனால் 'அபூர்வம்' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். முகம் அபூர்வமில்லை. டீசல் எஞ்சின் மாற்றாமல், பிறந்த எஞ்சினோடே நிற்கும் பெட்ரோல் வண்டிதான் அபூர்வம். புக்கில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால் உங்கள் விலை அங்கேயே ஒரு படி ஏறிவிட்டது.

விற்கும் முன் செய்ய வேண்டியது குறைவு. பெயின்ட் அடிக்காதீர்கள். சேகரிப்பவர்களுக்கு பெயின்ட் மறைக்கும் பொருள், பழைய நிறம் சாட்சி. பேட்டரி வைத்து செல்ஃப் அடிக்கவும் வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் 'எஞ்சின் ஜாம் இல்லை' என்று தைரியமாகச் சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்துக்கே பேரத்தில் நல்ல மதிப்பு. கொட்டகை மூலையில் கிடக்கும் கார்புரேட்டர், கண்ணாடி ஃபிரேம், பெயர்த்தகடு, டூல் பெட்டி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் சேர்த்து வண்டியோடு வையுங்கள்.

பேப்பர் வேலை தாத்தா பெயரிலிருந்து ஆரம்பிக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றாமல் நல்ல விலை வராது. 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விண்டேஜ் பதிவு கொண்டுவந்தது. நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். எஸ்டேட்டுக்குத் தினமும் ஓட்ட நினைப்பவருக்கு அது உதவாது. அவர் சாதாரணப் புதுப்பித்தல்தான் செய்ய வேண்டும், 18 வருடத் தாமதத்துக்கான கூடுதல் கட்டணத்தையும் உங்கள் விலையில்தான் கழிப்பார். வாங்க வருபவர் எந்த ரகம் என்று முதலில் கேளுங்கள். ஒரே வண்டிக்கு இரண்டு விலை இருப்பது அதனால்தான்.

டெல்லியில் மாருதி ஜிப்ஸி பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். கொண்டுவரலாமா? (கோவை)

அங்கே டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று கட்டுப்பாடு வந்ததால் விலை விழுந்தது. வண்டியில் குறையில்லை. ஆனால் அந்தப் பாதி விலையோடு என்.ஓ.சி. (வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தரும் தடையில்லாச் சான்று), லாரி வாடகை, இங்கே மறுபதிவு, வரி, 20 வருடம் தாண்டியிருந்தால் புதுப்பிக்க 2025 முதல் 10,000 ரூபாய் கட்டணம், எல்லாம் கூட்டுங்கள். கூட்டிய பிறகும் உள்ளூர் விலையைவிட ஒரு கால் பங்காவது குறைந்தால் போங்கள். 1298 சி.சி. ஜிப்ஸி கிங் என்றால் போகலாம். 970 சி.சி. பழைய ஜிப்ஸிக்கு அவ்வளவு தூரம் போக மாட்டேன். என்.ஓ.சி. கைக்கு வராமல் லாரியில் ஏற்றாதீர்கள்.

'இந்த வண்டிக்கு இரண்டு லட்சம் செலவு பண்ணியிருக்கேன்' என்கிறார் ஓனர். அதை விலையில் சேர்க்க வேண்டுமா? (சேலம்)

எதற்குச் செலவு செய்தார்? பிரேக், கிங் பின், கிளட்ச் என்றால் பில்லைப் பார்த்துப் பாதி சேர்க்கலாம். அகல டயர், வின்ச், எட்டு விளக்கு, தோல் சீட் என்றால் அது அவருடைய சந்தோஷத்துக்கு ஆன செலவு. அதற்கு நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? சொல்லப்போனால் கழிக்க வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. எஃப்.சி.க்குப் போகும்போது கழற்றி, வந்ததும் மாட்டுகிற வேலை உங்களுடையதாகிவிடும். வேறு எஞ்சின் வைத்து, அதை ஆர்.சி.யில் ஏற்றாத வண்டிக்கு என் விலை உதிரிபாக விலைதான்.

ராணுவத்தில் கழித்த ஜோங்கா ஒன்று விலைக்கு வருகிறது. ஆசையாக இருக்கிறது. (வேலூர்)

ஆசைப்பட வேண்டிய வண்டிதான். நிசான் பேட்ரோலை ஜபல்பூர் தொழிற்சாலையில் ராணுவத்துக்காகச் செய்தது, ஆறு சிலிண்டர், 3956 சி.சி. பெட்ரோல். லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கொடுத்தால் அதிர்ஷ்டம். அதனாலேயே பலர் டீசல் எஞ்சின் மாற்றியிருப்பார்கள். மாற்றியதும் அது ஜோங்கா விலைக்குப் போகக் கூடாது. ஏலத்தில் எடுத்த ஆவணத்திலிருந்து இப்போதைய ஓனர் வரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணி இல்லையென்றாலும் விட்டுவிடுங்கள்.

தோட்டத்தில் ஓடிய லேண்ட் ரோவர் சீரிஸ் 3. பாடி அலுமினியம், துரு பிடிக்காது என்று கூடுதலாகக் கேட்கிறார்கள். (அட்டன், இலங்கை)

பாடி துருப்பிடிக்காதுதான். அது உட்கார்ந்திருக்கும் சேசிஸ் இரும்பு, அதுவும் பெட்டி மாதிரி மூடியது. தண்ணீரும் சேறும் உள்ளே போனால் வெளியே வராது, உள்ளிருந்து அரிக்கும். அட்டன் மழைக்குச் சொல்லவே வேண்டாம். ஜீப்பில் பட்டி பூசியிருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்ப்போம். லேண்ட் ரோவர் பாடியில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. காந்தத்தை, கண்ணாடிக்குக் கீழே கதவு தொங்கும் முன் சுவரில் வையுங்கள், அது இரும்பு. பிறகு சிறிய சுத்தியலால் பின் குறுக்குச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டங்' என்றால் சரி. 'தப்' என்றால் உள்ளே தகடு இல்லை, செதில்தான் இருக்கிறது. அந்தச் சேசிஸை மாற்ற ஆகும் செலவு முழுவதையும் விலையில் கழியுங்கள். இன்னொன்று, 2020-ல் இறக்குமதியை நிறுத்திய பிறகு அங்கே எந்த வாகனமும் கண்டபடி விலை ஏறியது. 2025-ல் திறந்துவிட்டார்கள். தட்டுப்பாட்டுக் காலத்து விலையைச் சொல்கிறவரிடம் இதை நினைவுபடுத்துங்கள்.

பார்த்ததும் பிடித்துவிட்டது. அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா, வேறு ஆள் வந்துவிடுவார் என்கிறார் புரோக்கர். (திண்டுக்கல்)

நான் முதலில் வாங்கிய ஜீப் அப்படி வாங்கியதுதான். பச்சைப் பெயின்ட் கண்ணைப் பறித்தது, வேறு ஆள் வருகிறார் என்றார்கள், கொடுத்துவிட்டேன். இரண்டாவது மாதம் மழையில் போகும்போது கால் நனைகிறதே என்று பாயைத் தூக்கினால் ரோடு தெரிந்தது. தரை முழுக்கத் துணியும் பட்டியும்.

சேசிஸ் எண் குத்திய இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒரு வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேயுங்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வார்களே, அதேபோல. எழுத்துகள் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் விழ வேண்டும். சுற்றிலும் அரம் போட்ட கோடு தெரிந்தால் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சரியாக விழுந்தால், ஆயிரம் ரூபாய் மட்டும் கொடுத்து, மெக்கானிக்கோடு மறுநாள் காலை வருகிறேன், அதுவரை எஞ்சினை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த வேறு ஆள் இன்றைக்கே வந்து வாங்கிப் போனால், போகட்டும்.