விடுதலை ஆனால் போதுமா? காவலர் தேர்வும் பழைய வழக்கும்

கேள்வி: எனக்கு வயது 23. 2023இல் ஊர்த் திருவிழாவில் நடந்த தகராறில் என்னை நான்காவது எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) எஃப்.ஐ.ஆரில் சேர்த்துவிட்டார்கள். இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள் 294(பி) (ஆபாசமாகத் திட்டுதல்), 323 (அடித்துக் காயப்படுத்துதல்), 506(1) (மிரட்டுதல்). இப்போது இரு தரப்பும் சமாதானமாகிவிட்டோம். புகார் கொடுத்தவர் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிவிடுவார், விடுதலையானதும் இரண்டாம் நிலைக் காவலர் விண்ணப்பத்தில் 'வழக்கு இல்லை' என்று போட்டுவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அந்த யோசனையின் இரண்டு பாதியுமே உங்கள் வேலையைக் கெடுக்கக்கூடியவை.

முதலில் விடுதலை. தமிழ்நாடு காவல் பணி விதிகளில் 2003இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ் சாட்சியானதாலோ (முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னதாலோ) விடுதலை பெற்றவரை, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்கிறது அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் இதைச் செல்லும் என்று உறுதி செய்தது. தீர்ப்பின் கடைசிப் பத்தியில் "அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) பிறழ் சாட்சியாகிவிட்டதால் சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து" என்ற ஒரு வரி இருந்தால் போதும். சிறைக்குப் போகாமல் தப்பிக்க அந்த வரி உதவும், சீருடை போட உதவாது. இது தெரியாமல், வழக்கு சீக்கிரம் முடிந்தால் சரி என்று சாட்சியை மாற்றிச் சொல்ல வைத்து, தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் வேலையை இழந்த இளைஞர்கள் நிறைய. சாட்சியைப் பொய் சொல்லச் சொல்வதே தனிக் குற்றம் என்பது வேறு.

அப்படியானால் வழக்கை எப்படி முடிப்பது? அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். குற்ற எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் கொண்டு ஈ-கோர்ட்ஸ் தளத்தில் தேடினால், குற்றப்பத்திரிகை கோப்பில் எடுக்கப்பட்டு சி.சி. எண் (நீதிமன்றம் வழக்குக்குத் தரும் எண்) ஆகியிருக்கிறதா என்று தெரியும். தளத்தில் இல்லையென்றால் அந்த நீதிமன்ற அலுவலகத்திலேயே விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னும் எண் ஆகவில்லை என்றால் நிலைமை உங்களுக்குச் சாதகம். தகராறின்போது நீங்கள் அங்கே இல்லை என்பதற்கு ஆதாரம் (வேலை பார்த்த இடத்து வருகைப் பதிவு, கல்லூரிப் பதிவேடு) இருந்தால் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். காவல்துறை 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' (தவறான தகவலால் பதிவான வழக்கு) என்று முடித்து, புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் (வழக்கை முடித்ததைத் தெரிவிக்கும் அறிவிப்பு) கொடுத்து, நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டால், விதியே உங்களை வழக்கில் சம்பந்தப்படாதவராகப் பார்க்கிறது. காலக்கெடுவையும் கணக்கிடுங்கள். உங்கள் மூன்று பிரிவுகளில் அதிகத் தண்டனை உள்ளது 506(1), இரண்டு ஆண்டு வரை. அந்த அளவு குற்றத்துக்குச் சம்பவ நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டி நீதிமன்றத்தை ஏற்கச் செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் வழக்கை ரத்து செய்யக் கேட்க அதுவே வலுவான காரணம்.

சி.சி. எண் ஆகிவிட்டதா? ஒரு சிக்கல் இருக்கிறது. 323, 506(1) இரண்டும் சமரசம் செய்துகொள்ளக்கூடிய பிரிவுகள். 294(பி) அந்தப் பட்டியலில் இல்லை. சமாதானமான பிறகும் வழக்கு நடந்துகொண்டே இருப்பதும், கடைசியில் சாட்சி பிறழ்வதில் போய் முடிவதும் இதனால்தான். சரியான வழி உயர் நீதிமன்றத்தில் கிரிமினல் ஓ.பி. (குற்றவியல் அசல் மனு) தாக்கல் செய்து வழக்கை ரத்து செய்யக் கோருவது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். 528. தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளை. மனுவில் சமாதானத்தை மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். எஃப்.ஐ.ஆரில் உங்கள் மேல் தனியாக என்ன செயல் சொல்லப்பட்டிருக்கிறது, மருத்துவக் குறிப்பில் காயம் யாரால் என்று இருக்கிறது என்பதை முதலில் வாதிடச் சொல்லுங்கள். "எதிரி-4 மீது குறிப்பிட்ட குற்றச்சாட்டு எதுவும் இல்லை" என்று உத்தரவில் வந்தால் அதன் மதிப்பு தனி. சமரசத்தை வைத்து மட்டும் ரத்தானால் துறை கேள்வி எழுப்ப இடமிருக்கிறது.

அடுத்தது 'வழக்கு இல்லை' என்று எழுதுவது. முன்நடத்தைச் சரிபார்ப்புக்கு உங்கள் பெயர் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத்தான் போகும், அந்த எஃப்.ஐ.ஆர். இருப்பதும் அங்கேதான். வழக்கை விட அதை மறைத்ததுதான் பெரிய குற்றமாகிவிடும். பயிற்சியில் சேர்ந்த பிறகு தெரியவந்தாலும் வெளியே அனுப்பலாம். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், சிறு குற்றமாக இருந்தால் மறைத்ததைக்கூட அதிகாரி மன்னிக்கலாம் என்றது. அதே தீர்ப்பு, உண்மையைச் சொன்னவருக்கும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. முடிவு நியமன அதிகாரி கையில் இருப்பதால், அவர் முன் போகும் தாள்கள் சுத்தமாக இருக்க வேண்டும்.

படிவத்தின் கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். 'நிலுவையில் உள்ளதா' என்பது ஒன்று, 'எப்போதாவது சம்பந்தப்பட்டீர்களா' என்பது வேறு. இரண்டாவது கேட்கப்பட்டால், முடிந்த வழக்கையும் எழுத வேண்டும்: குற்ற எண், ஆண்டு, நிலையம், பிரிவுகள், எத்தனையாவது எதிரி, சி.சி. எண், இப்போதைய நிலை. நகல் மனு போட்டு வாங்கிய சான்றிட்ட நகலை இணையுங்கள். வக்கீலிடம் வாங்கிய ஜெராக்ஸ் போதாது.

இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கு மூன்று விஷயம். சூதாட்டம், பொது இடத்தில் குடித்துத் தகராறு போன்ற பெட்டி கேஸில் (சிறு வழக்கில்) ஒப்புக்கொண்டு கோர்ட்டில் அபராதம் கட்டினால் அது தண்டனைதான், 'முடிந்துபோன விஷயம்' அல்ல. சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) மட்டும் போட்டிருந்தால் அது வழக்கு அல்ல. 18 வயதுக்கு முன் நடந்தது என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 24ஆவது பிரிவு தகுதியிழப்பை நீக்குகிறது. 16 வயது கடந்து கொடுங்குற்றத்தில் வயது வந்தவராக விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

உங்களுக்கு இன்னொரு அவசரமும் உண்டு. சரிபார்ப்பு நடக்கும்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு குற்றமற்றவர் என்று விடுதலையானாலும், அடுத்த தேர்வில்தான் மறுபடி போட்டியிட முடியும் என்கிறது அதே விளக்கம். வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 26, பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் இனத்தவருக்கு 31. எனவே அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் எஃப்.ஐ.ஆர். நகலோடு இந்த வாரமே ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். எல்லாம் செய்தும் நிராகரித்தால், காரணம் எழுதிய உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட அந்தத் தாள்தான் அடிப்படை.