தேன்சிட்டுக்குப் பின்னால் ஓடாதீங்க: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நண்பர்களின் படமெடுக்கும் கேள்விகளுக்குப் பதில்

அண்ணே, சாட்ஸ்வொர்த் சில்வர்கிளென் காட்டுல தேன்சிட்டைப் பார்த்து கேமராவைத் தூக்குறதுக்குள்ள பறந்துடுது. முப்பது படம் எடுத்தா முப்பதிலும் வெறும் கிளைதான்.

தம்பி, நீங்க பின்னால போகப் போக அது தள்ளித் தள்ளித்தான் போகும். ஜூன், ஜூலையில செங்கற்றாழை பூத்திருக்கும். நல்லா மலர்ந்த ஒரு பூந்தண்டைப் பார்த்து, ஏழெட்டு மீட்டர் தள்ளி அசையாம உட்காருங்க. தேனை உறிஞ்சிட்டுப் போனாலும் அதே பூவுக்குத் திரும்பி வரும். அது தண்டுல காலை ஊன்றி, குழல் மாதிரி இருக்கிற பூவுக்குள்ள அலகை விட்டுக் குடிக்கும். ஒவ்வொரு பூவுக்கும் நடுவுல ஒரு நொடி தலையை நிமிர்த்தும். அந்த நொடிக்குத்தான் விரல் தயாரா இருக்கணும். நெற்றியில ஒட்டியிருக்கிற மஞ்சள் மகரந்தம்கூட படத்துல தெளிவாத் தெரியும். போன வாரம் அதைப் பார்த்ததும் எனக்கு அன்னைக்கு முழுக்க மனசு நிறைஞ்சிருந்தது.

ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்கணும்?

1/2000 நொடி. வெளிச்சம் குறைஞ்சா ஐஎஸ்ஓ, அதாவது கேமரா ஒளியை உணர்ற அளவு, ஏறட்டும், விடுங்க. புள்ளி புள்ளியா வந்த படத்தைச் சரி செய்யலாம். அசைஞ்ச படத்தை ஒண்ணும் பண்ண முடியாது. பறவை அசைய அசையக் கூடவே போற தொடர் ஃபோகஸை வைங்க, ஃபோகஸ் புள்ளி சின்னதா இருக்கட்டும், அது பறவையோட கண்மேல நிக்கணும்.

அமெதிஸ்ட் தேன்சிட்டு ஆண் எப்பவும் கரிக்கட்டை மாதிரியே விழுது. கேமராவுல கோளாறா?

கேமரா நல்லாத்தான் இருக்கு. அதோட தொண்டையில மின்னுற ஊதா சாயம் இல்ல. இறகோட நுண்ணமைப்புல ஒளி பட்டுத் திரும்புறதால வர்ற நிறம். வெளிச்சம் உங்க முதுகுப் பக்கமிருந்து அது மேல விழுந்தாத்தான் ஊதா பளிச்சுனு வரும். நம்ம ஊர்ல குளிர்காலச் சூரியன் வடக்குல சாய்ஞ்சு போகும். அதனால காலையில ஏழு, எட்டு மணிக்கு, கற்றாழைக்கு வடகிழக்குல உட்காருங்க.

கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் இருக்கிற சின்னப் பறவை வெள்ளைக்கண்ணி, அதோட கூட்டத்தை எப்படிப் படமெடுக்கிறது?

கூட்டம் எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்து, முன்னால இருக்கிற மரத்துக்குப் போய் நில்லுங்க. ஒண்ணு தப்பினா அடுத்தது வரும்.

தம்பி, போன்ல ஒரு பறவையோட கூவலைப் போட்டா அது கிட்ட வருமாமே?

வரும் அக்கா, ஆனா தயவுசெஞ்சு போடாதீங்க. தன் இடத்துக்கு வேறொரு ஆண் வந்துடுச்சுன்னு நினைச்சு, தீனியை விட்டுட்டு, குஞ்சை விட்டுட்டுச் சண்டைக்கு வரும். படத்துக்காகக் கூட்டை மறைக்கிற இலையை ஒடிக்கிறதும் தப்புதான். மரமேறிக் குஞ்சுகளைத் தின்னுற பூம்ஸ்லாங் பாம்புக்கு நாமளே வழி காட்டின மாதிரி ஆயிடும். கூடு கண்ணுல பட்டா சத்தமில்லாம விலகி வந்துடுங்க. அந்தப் படம் நமக்கு வேண்டாம்.