வட்டம் வரையும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

ஐயா, மூன்றாம் ஆண்டு சிஎஸ்இ படிக்கும் மகள் கோடிங் பழகாமல் எந்நேரமும் வட்டமும் சதுரமும் வரைகிறாள் என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய அவளுடைய புரோகிராமைப் படித்துப் பார்த்தேன். நல்ல கோடிங் ஐயா அது, மனதார மகிழ்ந்தேன்.

ஒரு போட்டோவைத் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு வட்டங்களுக்குள் மட்டும் தெரிய வைக்கப் பார்க்கிறாள். பிரவுசரில் படம் வரையும் பரப்பான கேன்வாஸில் ஒவ்வொரு வட்டத்துக்கும் தனித்தனியாக கிளிப் கொடுத்தால், அதாவது வட்டத்துக்கு வெளியே இருப்பதை மறைக்கச் சொன்னால், படமே வராது. இரண்டாவது கிளிப் முதலாவதோடு வெட்டிக்கொள்ளும் பகுதி மட்டும்தான் மிஞ்சும்; இங்கே வெட்டிக்கொள்ளும் இடமே இல்லை. அதனால் இரண்டையும் ஒரே பாத்தாக, அதாவது ஒரே கோட்டுருவமாகச் சேர்த்து, ஒரே தடவை கிளிப் செய்திருக்கிறாள். அடுத்து வளையல் வடிவம். உள்வட்டமும் வெளிவட்டமும் ஒரே திசையில் சுற்றினால், கோடுகள் சுற்றும் திசையைக் கணக்கிட்டு எது உள்பகுதி என்று முடிவுசெய்யும் வழக்கமான நான்-ஜீரோ விதிப்படி நடு ஓட்டை அடைபட்டுவிடும். உள்வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றவிட்டு ஓட்டையைத் திறந்திருக்கிறாள். திசையைப் பார்க்காமல், வெளியே வரத் தாண்டும் கோடுகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று மட்டும் பார்க்கும் ஈவன்-ஆட் விதியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் திறந்திருக்கும். இரண்டு வழியையும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேப், பிடிஎஃப், எழுத்துரு, பொறியியல் வரைபடம் போடும் கேட் (CAD) மென்பொருள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த வேலை இருக்கிறது. குரோமிலும் ஆண்ட்ராய்டிலும் படம் வரைவது ஸ்கியா என்ற ஆயத்த புரோகிராம் தொகுப்பு. சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியது, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். கேம்பஸுக்கு வரும் பெரும்பாலான கம்பெனிகள் இதைக் கேட்காது. ஆப்டிடியூடும், தகவல்களை அடுக்கிவைக்கும் முறைகளான டேட்டா ஸ்ட்ரக்சரும்தான் கேட்பார்கள். தினமும் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கியே ஆக வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். மிச்ச நேரத்தை அவளுக்கே விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஜாவாஸ்கிரிப்டோடு நின்றுவிடாமல் சி பிளஸ் பிளஸ்ஸும் பழகட்டும். படம் வரையும் இங்க்ஸ்கேப் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் சின்னப் பிழை ஒன்றைத் திருத்தி அனுப்பிப் பார்க்கலாம். ஓப்பன் சோர்ஸ் வேலையில் புதியவர்களைச் சேர்க்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு திட்டத்துக்கு 18 வயது நிரம்பியவர்கள் விண்ணப்பிக்கலாம், தேர்வானால் உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பம் வழக்கமாக மார்ச் மாத வாக்கில் திறக்கும். அதற்கு முன்பே வளையல் புரோகிராமை, ஓட்டை அடைபட்ட படம், திறந்த படம் இரண்டோடும், புரோகிராம்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவைக்கச் சொல்லுங்கள்.