டெர்மினலை மூடினால் ஏலியஸ் காணோம்!

கேள்வி: லினக்ஸில் ஒரே நீளக் கட்டளையைத் தினமும் தட்டிக் கை வலிக்கிறது. அதற்கு ஏலியஸ் (சுருக்கப் பெயர்) போட்டால் டெர்மினலை மூடியதும் போய்விடுகிறதே?

பதில்: ஏலியஸ் அந்த ஒரு ஷெல்லோடு (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) சரி. உங்கள் ஷெல் பாஷ் (bash) என்றால், ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பின் கடைசியில் அந்த ஏலியஸ் வரியை எழுதிவிடுங்கள், அப்புறம் புதிதாகத் திறக்கிற ஒவ்வொரு டெர்மினலிலும் இருக்கும். எப்போதாவது தேவைப்படுகிற கட்டளைக்கு ஏலியஸே வேண்டாம். கண்ட்ரோலோடு ஆர் அழுத்தி நாலு எழுத்து தட்டினால் பழையது வந்து நிற்கும். பாஷ் தானாக நினைவில் வைப்பது 500 கட்டளைகள்தான், அந்த அளவை வைக்கும் ஹிஸ்ட்சைஸ் (HISTSIZE), ஹிஸ்ட்ஃபைல்சைஸ் (HISTFILESIZE) இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோப்பை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளைக்கு மட்டும் 'கேட்டுவிட்டு அழி' என்று ஏலியஸ் போடாதீர்கள். எப்படியும் கேட்கும் என்ற பழக்கத்தில் வேறொரு சர்வரில் தட்டினேன், அது கேட்கவே இல்லை, ஒரு வார வேலை போச்சு.