மலைச் சரிவில் தண்ணீர் எப்படித் தேங்கும்? வடியாத மலை மண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊட்டிப் பக்கம் நிலம் பார்க்கிறீர்கள், "அடிப்பக்கம் தண்ணி நிக்கும்" என்று ஒருவர் எச்சரித்தார், சரிவான பூமியில் அது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும். எங்கள் வீட்டில் ஒரு போகத்தை முழுசாக இழந்துதான் அதைத் தெரிந்துகொண்டோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நஞ்சநாடு பக்கத்தில் 60 சென்ட் நிலத்தை அப்பா குத்தகைக்கு எடுத்தார். போய்ப் பார்த்தது மார்ச் மாதம். கீழ்ப்பகுதி மண் கன்னங்கரேலென்று இருந்தது. அள்ளினால் பஞ்சு மாதிரி லேசாக, விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. எருவே வேண்டாம் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். ஏப்ரலில் கார்போகத்துக்கு உருளைக்கிழங்கு நட்டோம். ஜூலை மழையில் மேல்பாதி பச்சைப் பசேலென்று நின்றது, கீழ்ப்பாதி மஞ்சளடித்துக் குறுகியது. ஒரு செடியைப் பிடுங்கினால் கிழங்கின் தோல் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொரி ஒட்டியதுபோல் புள்ளிகள். நோய் என்று நினைத்து மருந்து அடித்தோம். அது நோயே இல்லை. கிழங்குத் தோலில் காற்று போய்வரச் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. மண்ணில் காற்று இல்லாதபோது அவை வீங்கி வெளியே பிதுங்கும். அந்தக் கிழங்குகள் மூச்சு முட்டிக் கிடந்திருக்கின்றன.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, மருந்தை விடு, முதல்ல ஒரு குழி வெட்டு" என்றார். வெட்டினோம். மேலே ஒரு முழத்துக்குக் கறுப்பு மண். அதற்குக் கீழே சாம்பலும் நீலமும் கலந்த களிமண், மண்வெட்டியில் அப்பிக்கொண்டு வர மறுத்தது. அழுகிய முட்டை வாடை. வேர் போன தடங்களைச் சுற்றி மட்டும் செங்கல் நிறத்தில் கோடுகள், மெல்லிய துருப்பிடித்த குழாய்களைச் சொருகி வைத்தமாதிரி. வெளியே எறிந்த நீலக் கட்டி சாயங்காலத்துக்குள் பழுப்பாக மாறிவிட்டது. மறுநாள் காலையில் குழியில் முக்கால்வாசி தண்ணீர். மழை பெய்யாத இரவு அது.

அந்தக் குழியில் பார்த்தவைதான் உங்கள் கேள்விக்கான பதில்.

முதலில், தண்ணீர் எங்கிருந்து வந்தது? நீலகிரியின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னகைட் என்ற கடினமான பாறை. அது ஆழமாகச் சிதைந்து மண்ணாகியிருக்கிறது. மேட்டில் பெய்யும் மழை புல்வேர் வழியாகச் சுலபமாக உள்ளே இறங்கும். இறுகிய களியையோ சிதையாத பாறையையோ தொட்டதும் நேரே இறங்க முடியாமல் பக்கவாட்டில் சரிவோடு நகரும். அடிவாரத்தில், சரிவு மட்டமாகிற இடத்தில் மேலே கசியும். இரண்டு மேடுகளுக்கு நடுவே கிண்ணம்போல் பள்ளம் இருந்து, வெளியேறும் வாய் குறுகலாக இருந்தால் அங்கேயே தங்கிவிடும். உங்கள் தலைக்கு மேல் பெய்கிற மழையை விட, மேட்டில் போன வாரம் பெய்த மழைதான் அந்த மண்ணை நனைக்கிறது. மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் ஊறிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

சரி, நிறம் ஏன் மாறுகிறது? மலையின் செம்மண்ணுக்குச் சிவப்பு தருவது காற்றோடு சேர்ந்த இரும்பு. தண்ணீருக்குள் ஆக்சிஜன் நகரும் வேகம் காற்றில் நகர்வதைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். நிரந்தரமாக ஊறிய மண்ணில் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் நுண்ணுயிர்கள் சீக்கிரமே தீர்த்துவிடும். பிறகு அவை மூச்சுவிட நைட்ரேட்டைப் பயன்படுத்துகின்றன, அப்புறம் மாங்கனீசு, அதற்கப்புறம் இரும்பு. நைட்ரேட் அப்படிப் போய்விடுவதால்தான் நீங்கள் போடும் தழைச்சத்து உரம் பயிருக்குச் சேராமல் செடி மஞ்சளடிக்கிறது. இரும்பு உருமாறியதும் சிவப்பு போய்ச் சாம்பல், நீலம், சில இடத்தில் பச்சை. வேர்த்தடம் வழியாகக் கொஞ்சம் காற்று நுழைகிற இடத்தில் மட்டும் இரும்பு மறுபடி துருவாகப் படிகிறது. எங்கள் நீலக் கட்டி சாயங்காலம் பழுப்பானதும் அதே வேலைதான். இந்த மாதிரி மண்ணுக்கு மண்ணியலில் கிளேய் (gley) மண் என்று பெயர்; களிமண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் (clay) வேறு. ரஷ்ய மொழியிலிருந்து வந்த சொல்.

மேலே இருந்த கறுப்பு மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏமாற்றுவது அதுதான். அது கறுப்பாக இருப்பது வளத்தால் இல்லை, மக்காமல் கிடப்பதால். குளிர் ஒரு பக்கம், காற்றின்மை ஒரு பக்கம். செத்த புல்லும் கோரையும் முழுதாக மக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் படிந்துகொண்டே போகின்றன. இதைப் பீட் என்பார்கள். பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் ஒழுகும், பாதி மக்கிய நார் கையில் தட்டுப்படும். அமிலத்தன்மை அதிகம். சத்து உள்ளே பூட்டிக் கிடக்கும், பயிருக்குக் கிடைக்காது. இப்படிப்பட்ட ஈரப் புல்வெளிகளில் ட்ரோசீரா என்ற சின்னச் செடியைப் பார்க்கலாம். இலையில் பனித்துளிபோல் பசை மினுங்கும், ஒட்டுகிற பூச்சியைச் செரித்து நைட்ரஜன் எடுத்துக்கொள்ளும். பூச்சி பிடித்துச் சாப்பிட வேண்டிய அளவுக்கு அந்த மண்ணில் தழைச்சத்துப் பஞ்சம்.

இந்தப் பீட்டை நினைத்தால் எனக்கு இன்னமும் பிரமிப்புதான். சாண்டிநல்லா போன்ற பள்ளங்களில் எடுத்த பீட்டின் அடி அடுக்குகள் நாற்பதாயிரம் ஆண்டு வரை பழமையானவை. அதிலிருக்கும் கார்பனை ஆராய்ந்து சூழலியலாளர் ராமன் சுகுமார் உள்ளிட்ட குழு 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டது: சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, இந்த மலை இப்போதைவிட வறண்டு, வெப்பநாட்டுப் புல்வகைகள் மிகுந்து கிடந்தது என்று அதில் தெரிந்தது. ஒரு நிலத்தில் எது வளர்ந்தது, எப்போது மழை பொய்த்தது என்பதை வரிசை கலையாமல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற மண் அது. தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் புல்லும் இந்தச் சதுப்புகளில்தான் வளர்கிறது. நீலகிரிச் சதுப்பு போனால் அந்தப் புல்லும் போய்விடும்.

இனி நீங்கள் நிலம் பார்க்கப் போகும்போது. கோடையில் போகாதீர்கள், எங்களைப்போல் கறுப்பைப் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள். மழைக்காலத்தில், மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் போங்கள். கோரை கொத்துக் கொத்தாக நின்றால் அதற்குக் கீழே வருஷத்தில் பல மாதம் ஈரம் என்று அர்த்தம். ஓடையோரம் தேங்கிய தண்ணீரில் எண்ணெய்போல் வானவில் படலம் மிதந்தால் ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள்: சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் பாக்டீரியாவின் வேலை, குழைந்து மறுபடி சேர்ந்துகொண்டால் எண்ணெய். அப்புறம் முழங்கால் ஆழக் குழி ஒன்று கட்டாயம் வெட்டச் சொல்லுங்கள். வெட்ட விடமாட்டேன் என்கிற ஆளிடம் நிலம் வாங்காதீர்கள். சாம்பல் நிறம் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஒரு முழத்துக்குள் வந்துவிட்டால் அந்தத் துண்டில் கேரட், உருளை, பூண்டு எதையும் நம்பி நட முடியாது. மார்கழி, தையில் பனி விழுவதும் அந்தப் பள்ளத்தில்தான் அதிகம்; ராத்திரிக் குளிர்காற்று சரிந்து வந்து அங்கேதான் தங்கும்.

விவசாயம் செய்யவே முடியாதா என்றால், ஓரத்தில் முடியும். நாங்கள் முதலில் கீழே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றப் பார்த்தோம். வெட்ட வெட்ட ஊறியது. பெரியவர்தான் சொன்னார்: "கீழே நிக்கிறதை என்ன பண்ணினாலும் நிக்கும். மேலே இருந்து வர்றதைத் திருப்பி விடு." கசிவு தொடங்குகிற கோட்டுக்குச் சற்று மேலே, சரிவுக்குக் குறுக்காக, லேசான சாய்வோடு ஒரு வாய்க்கால் எடுத்து, தண்ணீரைப் பக்கத்து ஓடையில் விட்டோம். கரையில் புல் நட்டோம், இல்லாவிட்டால் வாய்க்காலே அரித்துச் சரிவை இழுத்துவிடும். மேட்டுப்பாத்தி போட்டு, அமிலத்தைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்பு இட்டு, நடுப்பகுதியில் முட்டைக்கோஸ் எடுத்தோம். அதிலும் ஒரு கண் வேண்டும், ஈரமான அமில மண்ணில் கோஸ் வேர் உருண்டை உருண்டையாக வீங்கும் நோய் சுலபமாக வரும்.

அடியில் இருந்த 15 சென்ட்டை அப்படியே விட்டுவிட்டோம். அதை வற்றவைக்க வழியில்லாமல் இல்லை. ஆழமாக வெட்டலாம், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நடலாம். ஊட்டிக்குப் பக்கத்தில் கிளென்மார்கனில் புல்வெளியில் கற்பூர மரம் வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறார்கள்; முதல் பத்தாண்டில் ஓடைக்கு வரும் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. ஆனால் வற்றிய பீட் காற்றுப் பட்டதும் மக்கத் தொடங்கி, நிலமே வருஷா வருஷம் கீழே இறங்கும். நன்றாகக் காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரை உறிஞ்சாது, ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடும். கோடையில் தீப்பிடித்தால் மேலே சுவாலை இல்லாமல் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் புகையும்.

இப்போது அங்கே கோரையும் புல்லும் திரும்ப வந்திருக்கின்றன. மார்ச், ஏப்ரலில் மேல் தோட்டத்துக் கிணறு அடிமட்டம் தெரியும் நேரத்திலும் அந்த 15 சென்ட்டின் கீழ்முனையில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிந்து ஓடுகிறது. அங்கே ஒரு சின்னத் தொட்டி கட்டி, நாற்றுக்கு அதிலிருந்துதான் மொண்டு ஊற்றுகிறோம்.