கடையிலிருந்து எதிர் மலைக்கு வயர்லெஸ்: என் கூரை, என் இன்டர்நெட், குற்றமா?

கேள்வி: தலவாக்கலை டவுனில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். நீர்த்தேக்கத்துக்கு அப்பால், 4 கிலோமீற்றர் தள்ளி வீடு. இரண்டு கூரையிலும் டிஷ் பூட்டி, கடை இன்டர்நெட்டை வீட்டுக்கு எடுக்கிறேன். கருவிகளை மச்சான் டுபாயிலிருந்து கொண்டுவந்தார். சிக்னல் விழுந்ததால் செட்டிங்கில் நாட்டை அமெரிக்கா என்று மாற்றிப் பவரைக் கூட்டினேன். பக்கத்து லயத்தில் மூன்று வீட்டுக்கு மாதம் 1,000 ரூபாவுக்குக் கொடுக்கிறேன். வேறொருவர், தன் லைன் என்னால் அறுவதாக முறைப்பாடு செய்யப்போகிறாராம். என் கூரை, என் இன்டர்நெட். இதில் என்ன குற்றம்?

பதில்: கூரை உங்களுடையதுதான், அலைவரிசை அப்படியில்லை. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 22 ஆம் பிரிவுப்படி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அலைவரிசையையோ அதை வெளிவிடும் கருவியையோ பாவிக்க முடியாது. வீட்டு வைஃபைக்கு யாரும் அனுமதி கேட்பதில்லையே என்பீர்கள். குறைந்த சக்திக் கருவிகளுக்கு விலக்கு இருக்கிறது. வரம்பைத் தாண்டினால் அந்த விலக்கும் போய்விடும்.

பெட்டியில் 100 மில்லிவாட் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் 24 டிபிஐ (டிஷ் சிக்னலைக் குவிக்கும் அளவு) கொண்ட டிஷ் அதை ஒரே திசையில் ஏறக்குறைய 250 மடங்காகக் குவிக்கிறது. எதிர் மலையில் நிற்பவனுக்கு அது 25 வாட் போல வந்து விழும். சட்டம் அளப்பது டிஷ்ஷை விட்டு வெளியேறுவதைத்தான். நாட்டை அமெரிக்கா என்று மாற்றியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தெரியாமல் நடந்தது என்று அப்புறம் சொல்ல வாய்ப்பே இல்லாமல் பண்ணிவிட்டீர்கள்.

அதனால் பலனும் பெரிதாக இல்லை. 4 கிலோமீற்றர் தூரத்தில், 5.8 கிகாஹேர்ட்ஸில், நடுவழியில் இரண்டு டிஷ்ஷையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி 7 மீற்றர் வரை தடையில்லாத வெளி வேண்டும். இடையில் நிற்கும் நிழல் மரங்களைப் பவர் துளைக்காது, டிஷ்ஷை உயர்த்துங்கள். தோட்டத்துக் கிளையை வெட்டவோ தோட்டக் காணியில் கம்பம் நடவோ நினைத்தால் முதலில் தோட்டத்து முகாமையாளரான துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

இதையெல்லாம்விடப் பாரதூரமானது அந்த 1,000 ரூபா. காசு வாங்கிப் பிறருக்கு இணைப்புக் கொடுத்தால் நீங்கள் சேவை நடத்துபவர். அதற்கு 17 ஆம் பிரிவின் கீழ் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். கடை இன்டர்நெட்டின் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள், மறுவிற்பனைக்குத் தடை இருக்கக்கூடும். இன்றே நிறுத்துங்கள்.

செட்டிங்கில் நாட்டை இலங்கைக்கு மாற்றி, டிஷ்ஷின் டிபிஐ பெறுமானத்தைச் சரியாகப் போடுங்கள். பவர் தானாக இறங்கும். முறைப்பாட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் சூடாகப் பதில் போடாதீர்கள். விலக்கில் ஓடும் கருவி இன்னொருவருக்கு இடைஞ்சல் தரக்கூடாது என்பதால் சட்டம் அவர் பக்கம்தான் சாயும். கருவிகளின் மாடல், அலைவரிசை, தூரம் ஆகியவற்றைக் குறித்து, கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையிலுள்ள ஆணைக்குழுவுக்குப் பதிவுத்தபாலில் எழுதி, வெளிநாட்டிலிருந்து வந்த இக்கருவிகளுக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.