எலக்ட்ரான் எல்லாம் ஒன்றுதானே, காந்தப்புலத்தில் வைத்தால் மட்டும் எப்படி இத்தனை நிலைகள்?

கிருஷ்ணகிரியில் முதுகலை இயற்பியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: மெல்லிய அடுக்கில் அடைபட்ட எலக்ட்ரான்கள் மேல் பலமான காந்தப்புலம் செலுத்தினால் திரவம், படிகம், பட்டை என்று என்னென்னவோ நிலைகள் வருகின்றன என்று படித்தேன், காந்தப்புலம் எலக்ட்ரானை வட்டமாகச் சுற்ற வைக்கும், அவ்வளவுதானே, இதில் நிலைகள் எங்கிருந்து வருகின்றன?

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகிற விசையிலிருந்துதான் வருகின்றன, தம்பி. காந்தப்புலத்தின் வேலை, அந்த விசைக்குக் குறுக்கே நிற்கிற இயக்க ஆற்றலை ஓரம் கட்டுவது.

செம்புக் கம்பியிலும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளத்தான் செய்கின்றன. ஆனால் அங்கே ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடுவதாக நினைத்துக்கொண்டே கணக்கைப் பெரும்பாலும் முடித்துவிடலாம். மெல்லிய அடுக்கில், பலமான காந்தப்புலத்தில், அது நடக்காது. வட்டமாகச் சுற்றும் எலக்ட்ரானுக்குக் குவாண்டம் விதிப்படி குறிப்பிட்ட சில ஆற்றல்கள்தான் உண்டு, அவைதான் லாண்டாவ் மட்டங்கள். ஒரே மட்டத்தில் ஏராளமான இடங்கள் இருக்கும், எல்லா இடத்துக்கும் ஆற்றல் ஒன்றே. எலக்ட்ரான் எங்கே உட்கார்ந்தாலும் இயக்க ஆற்றல் மாறாது என்றால், யார் எங்கே என்று முடிவு செய்ய மிஞ்சுவது விலக்கு விசை ஒன்றுதான்.

எத்தனை இடங்கள் என்பதைக் காந்தப்புலமே சொல்லிவிடும். 10 டெஸ்லாவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒவ்வொரு மட்டத்திலும் சுமார் 24,000 கோடி இடங்கள். காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தி அடுக்கில் சாதாரணமாக 10,000 கோடி எலக்ட்ரான்கள் இருக்கும். எலக்ட்ரான் எண்ணிக்கையை இட எண்ணிக்கையால் வகுத்தால் வருவது நிரப்பு எண், இங்கே 0.4 சொச்சம். எந்த நிலை வரும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணே தீர்மானிக்கிறது.

நான் தருமபுரியில் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் ஆய்வகத்திலும் ஹால் விளைவுச் சோதனை உண்டு, உங்கள் ஆய்வகத்திலும் இருக்கும்: மின்னோட்டத்துக்குக் குறுக்கே காந்தப்புலம் வைத்தால் பக்கவாட்டில் ஒரு மின்னழுத்தம் வரும், அதை அளப்பது. ஜெர்மானியம் என்ற குறைகடத்தியில் நகத்தளவு துண்டு, நான்கு மெல்லிய கம்பிகள், இரண்டு மின்காந்த முனைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி. மின்காந்தத்தின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகத் திருக மில்லிவோல்ட் ஏறும், வரைபடத் தாளில் நேர்கோடு வரும். எட்வின் ஹால் 1879-இல் கண்டதும் இதைத்தான். அதே நான்கு கம்பி அமைப்பைச் சிலிக்கான் டிரான்சிஸ்டரில் இருக்கும் மெல்லிய எலக்ட்ரான் அடுக்குக்குக் கொடுத்து, திரவ ஹீலியத்தில் குளிரவைத்து, கிரெனோபிள் நகரத்துக் காந்தக் கூடத்தில் 1980 பிப்ரவரியில் கிளாவுஸ் ஃபோன் கிளிட்சிங் அளந்தபோது நேர்கோடு போய்ப் படிக்கட்டு வந்தது. ஹால் மின்தடை, அதாவது பக்கவாட்டு மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தது, 25,812.807 ஓம், அதில் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்று படிப்படியாக நின்றது. நிரப்பு எண் 1, 2, 3 ஆகும்போது மட்டங்கள் முழுதாக நிரம்பிவிடுகின்றன, அடுத்த மட்டத்துக்குத் தாவ ஆற்றல் வேண்டும், அதனால் நிற்கிறது. படி அகலமாக நிற்பதற்குப் பொருளில் கொஞ்சம் அசுத்தம் வேண்டும் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நமது பாடத்திட்டம் இதோடு நின்றுவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் இதுவரை சொன்னதற்கு விலக்கு விசையே தேவைப்படவில்லை. உங்கள் கேள்வி ஆரம்பிப்பதே மட்டம் அரைகுறையாக நிரம்பியிருக்கும்போதுதான்.

யூஜின் விக்னர் 1934-லேயே ஒன்று சொல்லியிருந்தார்: இயக்க ஆற்றல் போதாமல் விலக்கு விசை ஓங்கினால் எலக்ட்ரான்கள் தாமாகவே வரிசை கட்டிப் படிகமாகிவிடும். சந்தூர் பக்கம் மாங்கன்றுகளை முக்கோண நடவாக வைப்பார்களே, அந்த மாதிரி, இருக்கிற நிலத்தில் ஒன்றுக்கொன்று முடிந்தவரை தள்ளி. இந்தப் படிகத்தைத் தேடித்தான் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டேனியல் சூயியும் ஹார்ஸ்ட் ஸ்டார்மரும், ஆர்தர் கோசார்டு வளர்த்துக் கொடுத்த காலியம் ஆர்சனைடு அடுக்கை எடுத்துக்கொண்டு, காந்தப்புலத்தை மிகப் பலமாக ஏற்றினார்கள். படிகம் கிடைக்கவில்லை. நிரப்பு எண் 1/3 இருக்கும் இடத்தில் புதிதாக ஒரு படி வந்தது, 25,812 ஓமின் மூன்று மடங்கில். 1982-இல் வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரம்பிய மட்டத்தில் அப்படி ஒரு படிக்கு எந்தக் காரணமும் அன்றைய கணக்கில் இல்லை.

அடுத்த வருஷமே ராபர்ட் லாஃப்லின் காரணம் சொன்னார். இது ஒரு திரவம். எந்த இரண்டு எலக்ட்ரான்களை எடுத்தாலும், அவை நெருங்க நெருங்க அலைச்சார்பு, அதாவது அவை எங்கே இருக்க வாய்ப்பு என்று சொல்லும் கணிதச் சார்பு, தூரத்தின் கனத்துக்கு ஏற்பக் குறைந்து பூஜ்யமாகிறது. படிகம் போல ஓரிடத்தில் நிற்காமல், ஓடிக்கொண்டே எல்லாரும் எல்லாரையும் தவிர்க்கிறார்கள். இந்தத் திரவத்தை அமுக்க முடியாது. ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாகப் போட்டால் அது மூன்று துண்டாகப் பரவும், ஒவ்வொன்றுக்கும் எலக்ட்ரான் மின்னூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. எலக்ட்ரான் உடையவில்லை, கூட்டம் முழுவதும் சேர்ந்து அப்படி நடந்துகொள்கிறது. 1997-இல் மின்னோட்டத்தின் இரைச்சலை அளந்து இதை உறுதி செய்தார்கள். லாஃப்லின், ஸ்டார்மர், சூயி மூவருக்கும் 1998-இல் நோபல்.

அப்புறம் 2/5, 3/7 என்று பின்னங்கள் வரிசையாக வந்தன. அதற்கு விளக்கம் கொடுத்தவர் ராஜஸ்தானில் பிறந்த ஜைனேந்திர ஜெயின், 1989-இல். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த யோசனை இது. ஒவ்வொரு எலக்ட்ரானும் கூட்டத்தின் அலைச்சார்பில் உண்டாகும் இரண்டு சுழல்களைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டு ஒரு கூட்டுத் துகளாகிறது. இந்தக் கூட்டுத் துகளுக்கு வெளியே இருக்கும் காந்தப்புலம் முழுதாகத் தெரியாது, ஒரு பகுதி கழிந்துபோகும். மிஞ்சிய புலத்தில் அவை 1, 2, 3 என்று தங்கள் மட்டங்களை நிரப்பினால், நமக்கு வெளியே 1/3, 2/5, 3/7 என்று தெரிகிறது. நிரப்பு எண் சரியாக 1/2 ஆகும்போது முழுப் புலமும் கழிந்துவிடும். வெளியே 10 டெஸ்லா இருக்கும், உள்ளே அந்தத் துகள்கள் காந்தமே இல்லாதது போல உலோகத்தில் ஓடுவது மாதிரி நேராக ஓடும். 1990-களில் இதைச் சோதனையில் பார்த்தார்கள். தாளும் பேனாவும் எடுத்து நிரப்பு எண்ணை n/(2n+1) என்று நீங்களே வருவித்துப் பாருங்கள், அரை மணி நேர வேலைதான்.

மற்ற நிலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிரப்பு எண் 1/5-க்கும் கீழே போனால் விக்னர் சொன்ன படிகம் வருகிறது. 2024-இல் பிரின்ஸ்டன் குழு இரட்டை அடுக்குக் கிராஃபீனில் (ஓர் அணு தடிமன் உள்ள கார்பன் தாள்தான் கிராஃபீன்) அதன் முக்கோண வரிசையை நுண்ணோக்கியில் நேரடியாகவே படம் பிடித்தது. 9/2 மாதிரி மேல் மட்டங்கள் பாதி நிரம்பும்போது எலக்ட்ரான்கள் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கின்றன, ஒரு திசையில் மின்தடை மிக அதிகம், செங்குத்துத் திசையில் மிகக் குறைவு, இது 1999-இல் தெரிந்தது. 5/2 தனிக் கதை. 1987-இல் கண்ட அந்தப் படியில், மின்தடையே இல்லாத மீகடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்வது போலக் கூட்டுத் துகள்கள் ஜோடி சேர்கின்றன என்பது பரவலான கருத்து, ஆனால் எந்த வகை ஜோடி என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.

இவையெல்லாம் தெரிய வேண்டுமானால் மிகச் சுத்தமான பொருளும், பெரும்பாலும் ஒரு கெல்வினுக்கும் கீழான குளிரும் வேண்டும். 2023-லிருந்து காந்தப்புலமே இல்லாமல், முறுக்கி அடுக்கிய மாலிப்டினம் டெல்லுரைடிலும் ஐந்தடுக்குக் கிராஃபீனிலும் இதே பின்னப் படிகள் கிடைக்க ஆரம்பித்திருக்கின்றன. அது உங்கள் கேள்வியைத் தாண்டிப் போகிறது, தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.